ஓம் என்றால் யெஸ் இல்லை

எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. ஒட்டியவள் என் மகள். இருபத்தாறு வயது, நாங்கள் வந்து குடியேறிய இந்த நாட்டிலேயே பிறந்தவள். தாளின் மேலே ‘அம்மாவின் படிகள்’ என்று ஆங்கிலத்தில் எழுதி, கீழே ஏழு நாளைக்கு ஒன்றாக, கிழமைக்கு ஒரு கட்டம் போட்டிருந்தாள். முதல் கிழமை, போன் அடித்தால் நானே எடுத்துப் பேச வேண்டும், அவளிடம் நீட்டக் கூடாது. இரண்டாம் கிழமை, மருந்துக் கடைக்கு நானே அழைத்து மருந்து கேட்க வேண்டும். முடித்த கட்டத்துக்கு ஒரு தங்க நட்சத்திர ஸ்ரிக்கர்.

எனக்கு வயது ஐம்பத்தாறு. பாண் சுடும் தொழிற்சாலையில் பதினெட்டு வருடமாகப் பொதி கட்டுகிறவள். மனுசன் செத்த பிறகு தனியாக நின்று பிள்ளையை வளர்த்தவள். எனக்கு ஸ்ரிக்கர்!

“உது ஆருக்கு? நேர்சரிப் பிள்ளைக்கோ?” என்று கத்தினேன்.

“பேபி ஸ்டெப்ஸ் அம்மா. கொஞ்சம் கொஞ்சமாத்தான் பழகலாம்.”

“இந்த வயசிலை என்னைத் தவழப் பழக்கிறியோ?”

அவள் பேனையை எடுத்து மூன்றாம் கட்டத்தை நிரப்பினாள். இரத்தப் பரிசோதனைக்குத் தனியாகப் போய் வருதல்.

ஆங்கிலம் எனக்குக் கேட்டால் விளங்கும். பேசத்தான் வாய் வராது. தொழிற்சாலையில் என்னோடு நிற்பவர்கள் முக்கால்வாசி தமிழர். மற்ற இடமெல்லாம் மகள் பேசினாள். எட்டு வயதிலிருந்தே டொக்டரிடமும் வங்கியிலும் கட்டிட மனேஜரிடமும் எனக்காகப் பேசியவள். ஒருநாளும் அதைச் சொல்லிக்காட்டியதில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். சொல்லிக்காட்டினால் ஒரு சண்டையாவது பிடித்திருக்கலாம்.

இப்போது அவளுக்கு, விமானத்தில் நாலு மணித்தியாலம் போகவேண்டிய கல்கரியில் வேலை கிடைத்திருந்தது, படித்த படிப்புக்கு ஏற்ற வேலை. மாத முடிவுக்குள் பதில் சொல்ல வேண்டும். “நீங்கள் தனியச் சமாளிச்சால் போறன். இல்லாட்டி நான் போகேல்லை” என்று சொல்லிவிட்டாள். அவள் போவதும் நிற்பதும் என் வாயில் இருந்தது. நான் கேட்டேனா இந்தப் பொறுப்பை?

எனக்குச் சீனி வருத்தம், இரத்தத்தில் சீனி கூட. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெறும் வயிற்றில் இரத்தம் கொடுக்க வேண்டும். பெப்ரவரிக் குளிரில், ஒரு வாய் தேத்தண்ணி கூடக் குடிக்காமல், டோர்செட் பார்க்கில் பஸ் ஏறி அஜின்கோர்ட்டில் இரத்தம் எடுக்கும் இடத்துக்குப் போனேன். முன் மேசையில் ஒரு பெட்டை இருந்தாள். படிவத்தைப் பார்த்துவிட்டு, காலையில் ஒன்றும் சாப்பிடவில்லையா என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

“யெஸ்” என்றேன். நல்ல பலமாக.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். ஒன்றுமே சாப்பிடவில்லையா?

“யெஸ், யெஸ்.”

அப்படியென்றால் இன்றைக்கு எடுக்க முடியாது, இன்னொரு நாள் சாப்பிடாமல் வாருங்கள் என்று சொல்லிப் படிவத்தைத் திருப்பித் தந்துவிட்டாள். அட கடவுளே! சாப்பிடாமல்தானே வந்து நிற்கிறேன்? அதைச் சொல்ல ஒரு சொல் வாயில் வரவில்லை. வெளியே வந்து பக்கத்துக் கடையில் இரண்டு றோல்ஸ் வாங்கி, சீனி வருத்தத்தையும் பார்க்காமல், நின்றபடியே தின்றேன்.

பின்னேரம் மகள் கதையைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

“நோ எண்டு சொல்லியிருக்கோணும் அம்மா.”

“ஏன் நோ? நான் சாப்பிடேல்லை. அவள் சாப்பிடேல்லையோ எண்டு கேட்டாள். அவள் கேட்டது சரி. சரியெண்டால் ஓம் எண்டுதானே சொல்லுறது?”

“அவள் கேட்டதைப் பாக்கக் கூடாது அம்மா. சாப்பாட்டைத்தான் பாக்கோணும். சாப்பிட்டால் யெஸ், சாப்பிடாட்டி நோ. எப்பிடிக் கேட்டாலும் அதுதான்.”

“உதென்ன கோதாரிப் பாஷை! முன்னுக்கு நிக்கிற மனுசிக்குப் பதில் சொல்லாமல் சாப்பாட்டுக்குப் பதில் சொல்லுறதோ?”

அவளுடைய சிரிப்பு நின்றது. “நாளைக்கு அம்புலன்ஸ்காரன் வந்து, நெஞ்சிலை வலி இல்லையோ எண்டு கேட்டால் என்ன சொல்லுவீங்கள்? நான் கல்கரிக்கு வரேல்லை எண்டு எழுதப் போறன்.”

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. ஒரு சொல்லுக்காகப் பிள்ளையின் வேலை போவதா? அவள் கையிலிருந்த பேனையைப் பறித்துத் தாளில் நானே ஒரு கட்டம் போட்டேன். அதற்குள் தமிழில் ‘நோ’ என்று எழுதினேன். எங்கள் பேச்சில் நோ என்றால் வலி. பொருத்தமாகத்தான் இருந்தது.

“கடைசி நாள் வரைக்கும் ஒண்டும் எழுதாதை” என்றேன்.

இரண்டு கிழமை அந்த ஒரு சொல்லைத்தான் பழகினேன். பிரேக் எடுக்கவில்லையா என்று சுப்பர்வைசர் கேட்டான். நோ. இந்தச் சீற்றில் ஒருவரும் இல்லையா என்று பஸ்ஸில் ஒரு கிழவர் கேட்டார். நோ. வாய் நோ என்றது, பாழாய்ப்போன தலை மட்டும் ஓம் ஓம் என்று ஆடியது. கிழவர் குழம்பிப்போய் உட்காராமலே நின்றார். வீட்டில் மகள் சமைக்கும்போதெல்லாம், உப்புக் காணாதோ, பசிக்கேல்லையோ என்று ஆங்கிலத்தில் கேட்டுக் கேட்டு என் உயிரை எடுத்தாள். பத்தில் ஆறு பிழை. பிறகு நாலு. பிறகு இரண்டு.

திரும்பப் போனேன். அதே பெட்டை. ஒன்றும் சாப்பிடவில்லையா?

தலை ஆடாமல் இருக்கத் தாடையைக் கையால் பிடித்துக்கொண்டேன். “நோ.”

பல்லு வலியா என்று கேட்டாள். அதற்கும் நோ. கையில் றப்பரைக் கட்டி ஊசியைக் குத்தினாள். அவ்வளவுதான். இதற்குத்தான் இவ்வளவு கூத்து.

மகள் அன்றைக்கே கல்கரிக்குப் பதில் எழுதினாள். தாளில் ஸ்ரிக்கரும் ஒட்டினாள். கிழித்து எறியச் சொல்லி ஏசினேன். ஆனால் நான் கிழிக்கவில்லை.

ஏப்ரலில் ஒரு காலை, இரண்டு பெட்டிகளோடு கீழே காருக்குப் பக்கத்தில் நின்றாள். மனதுக்குக் கஷ்டமான விஷயமென்றால் அவளுக்குத் தமிழ் வராது. என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, கவலை இல்லையா அம்மா என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

“யெஸ்” என்றேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். “அம்மா! இன்னும் பிழை விடுறீங்கள். நோ எண்டெல்லோ சொல்லோணும்.”

“ஓம் ஓம், மறந்துபோனன். கெதியா ஏறு, கார் நிக்குது.”

நான் மறக்கவில்லை. இந்த முறை சரியான ஆங்கிலத்தில்தான் சொன்னேன்.