வைக்கோல் குடியிருந்த வீடு

துணை சுகாதார நிலையத்துக்கு நியமிக்கப்படும் செவிலியர், அந்த நிலையம் இருக்கும் கிராமத்திலேயே குடியிருக்க வேண்டும் என்பது விதி. அரசுக் குடியிருப்பு இல்லையென்றால் ஊருக்குள் வாடகைக்கு வீடு பிடித்துக்கொள்ள வேண்டும். சுகாதாரத் துறை அலுவலகத்தில் கண்காணிப்பாளராக ஓய்வு பெறும்வரை, இந்த விதியைக் காட்டி எத்தனையோ குறிப்பாணைகள் தயாரித்திருக்கிறேன். ஊர் வீடு தராவிட்டால் என்ன செய்வது என்று அதில் ஒரு வரியும் இல்லை. விதியை எழுதியவர்கள் எங்கள் ஊரைப் பார்த்திராதவர்கள்.

அறந்தாங்கியிலிருந்து வரும் பஸ் எங்கள் ஊரோடு திரும்பிவிடும். எனக்கு எட்டு வயதிருக்கும்போது, பஞ்சாயத்துக் கட்டடத்தில் ஓர் அறையை ஒதுக்கி, முதன்முதலாக ஒரு நர்ஸம்மாவை அனுப்பினார்கள். ஒல்லியான, இளவயதுப் பெண். குடியிருக்க வீடு விசாரித்து அவர் வந்து நின்ற முதல் வாசல் எங்களுடையது. பக்கத்திலேயே சித்தப்பாவின் வீடு, சிங்கப்பூர்ப் பணத்தில் கட்டிய தளம் போட்ட வீடு, பூட்டிக் கிடந்தது. சாவி அப்பாவிடம்.

"பாத்துச் சொல்றேன், நர்ஸம்மா" என்றார் அப்பா. பள்ளி ஆசிரியர், யாரிடமும் மரியாதை குறையாதவர்.

நர்ஸம்மா போனதும், எங்களோடு இருந்த அத்தை, "எந்தத் தெருப் புள்ளைன்னு விசாரிச்சீங்களா?" என்று கேட்டாள். அப்பா விசாரித்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு வண்டி வைக்கோல் வந்து சித்தப்பாவின் வீட்டுக்குள் இறங்கியது. ஊரில் எல்லோருக்கும் வைக்கோல் வெளியே போராக நிற்க, எங்களுக்கு மட்டும் சிவப்புச் சிமெண்டுத் தரையில் உத்தரம்வரை நிறைந்திருந்தது. எனக்கு அது பெரிய கொண்டாட்டம். நாள் முழுக்க அதில் ஏறிக் குதித்தேன்.

மறுவாரம் நர்ஸம்மா வந்தபோது அப்பா கதவையே திறந்து காட்டினார். "மழை வரப்போகுது பாருங்க. வைக்கலுக்கு வேற எடமில்ல." அதற்குப் பிறகு எத்தனையோ கோப்புகளைப் பார்த்திருக்கிறேன். இத்தனை பக்காவான ஆதாரத்தோடு ஒரு மறுப்பைப் பார்த்ததில்லை.

நர்ஸம்மா என் தலையில் ஒட்டியிருந்த வைக்கோலை எடுத்துப் போட்டார். "நல்ல வீடுதான். வைக்கலுக்குக் கரண்டு லைட்டெல்லாம் போட்டிருக்கீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். நானும் பெருமையாகத் தலையாட்டினேன்.

அதன்பின் காலை பஸ்ஸில் வருவார், மாலை ஐந்து மணி பஸ்ஸில் திரும்புவார். அந்த பஸ்ஸை விட்டால் அவருக்கு ஊரில் நிற்க நிழல் இல்லை. சில மாதங்களில், நர்ஸ் ஊரில் தங்குவதில்லை என்று ஊர் முணுமுணுத்தது. கீழத்தெருவில் ஒரு பெண்ணுக்கு இருட்டும் நேரத்தில் பிரசவமாகி, நர்ஸம்மா ஊரில் இல்லாமல் போகவே முணுமுணுப்பு மனுவாயிற்று. அதை எழுத அப்பாவைவிட்டால் யார்? மேற்சொன்ன விதியைக் குறிப்பிட்டு, உரிய நடவடிக்கை எடுக்கும்படி வேண்டி, எழுதியதை எங்களுக்கு உரக்க வாசித்தும் காட்டினார்.

"நாம வீடு குடுக்கலைங்கிறதையும் எழுதிட்டீங்களா?" என்று கேட்டாள் அம்மா.

"அதெல்லாம் மனுவுல வராது."

அம்மா அப்போது நிறைமாதம். நர்ஸம்மா வாரந்தோறும் வந்து அவள் கணுக்காலை விரலால் அழுத்திப் பார்ப்பார். குழி விழுந்து அப்படியே நிற்கும். எனக்கு அது வேடிக்கை. ஒருநாள் கையில் பட்டையைக் கட்டி ரத்த அழுத்தம் பார்த்தவர் முகத்தைச் சுருக்கினார்.

"அக்கா, இது சரியில்ல. இப்பவே அறந்தாங்கி ஆஸ்பத்திரில சேந்துருங்க."

"அறுப்பு முடியட்டும், கூட்டிட்டுப் போறேன்" என்றார் அப்பா.

"ரெண்டு பெத்தவளுக்கு இதெல்லாம் ஒரு விஷயமா" என்றாள் அத்தை.

நர்ஸம்மா அம்மாவிடம் மட்டும் குனிந்து, "தலவலி வந்தா, கண்ணு மங்கலாத் தெரிஞ்சா, ஒடனே எனக்கு ஆள் விடுங்க. அஞ்சு மணிக்குள்ள" என்றார்.

அம்மா சிரித்தாள். "தலவலிக்கு பஸ் டயம் தெரியுமா தாயி? நீ இங்கனயே இருந்தா எனக்கு எவ்வளவு தைரியமா இருக்கும்."

தலைவலி பஸ் போன பிறகுதான் வந்தது. அத்தை சுக்கு அரைத்து நெற்றியில் பற்றுப் போட்டாள். விளக்கு வைக்கும் நேரத்தில் அம்மாவின் கைகால்கள் வெட்டி வெட்டி இழுத்தன. அப்பா வண்டி பூட்டச் சொல்லிவிட்டு, சித்தப்பாவின் வீட்டைத் திறந்து கைகொள்ளாமல் வைக்கோலை அள்ளி வந்து வண்டியில் பரப்பினார். அம்மாவுக்கு மெத்தென்று இருக்க வேண்டும் என்று மேலும் மேலும் கொண்டுவந்து கொட்டினார்.

வண்டி அறந்தாங்கி போய்ச் சேர்ந்தது. அம்மாவும் வயிற்றுப் பிள்ளையும் போய்ச் சேரவில்லை.

மறுநாள் முதல் பஸ்ஸில் நர்ஸம்மா வழக்கம்போல் பையோடு வந்தார். வாசல் கூட்டத்தைப் பார்த்து நின்றுவிட்டார். உள்ளே வரும்படி யாரும் சொல்லவில்லை. என்னைக் கூப்பிட்டு, "எப்பத் தம்பி தலவலின்னாங்க?" என்று கேட்டார்.

"நீங்க பஸ் ஏறிப் போனப்பறம்."

அவர் சித்தப்பாவின் வீட்டுப் படியில் போய் உட்கார்ந்தார். அவசரத்தில் பூட்ட மறந்த கதவு திறந்தே கிடந்தது. உள்ளே இருந்த வைக்கோலை அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். விளையாட இடம் வேண்டுமோ என்று நினைத்தேன்.

இப்போது அந்த ஊரில் செவிலியர் குடியிருப்பு கட்டியிருக்கிறார்கள். அது பூட்டியே இருக்கிறது. இப்போதைய செவிலியர் அறந்தாங்கியிலிருந்து ஸ்கூட்டியில் வந்து போகிறார். பிள்ளைகளின் படிப்புக்காக அங்கே இருப்பதாகச் சொல்கிறார். நான் மேற்கொண்டு கேட்பதில்லை.

அப்பாவின் மனுவுக்கு அப்போதே பதில் வந்தது. புகார் விசாரிக்கப்பட்டு உண்மையெனக் கண்டறியப்பட்டதால் மேற்படி செவிலியர் இடமாற்றம் செய்யப்படுகிறார்; வேறொருவர் நியமிக்கப்படும்வரை பணியிடம் காலியாக இருக்கும். பந்தலில் இருந்த பெரியவர் ஒருவர், "சர்க்காரு வாத்தியாரு மனுவ மதிச்சிருக்கு" என்றார். அப்பா கடிதத்தை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். அரசாங்கமே பதில் எழுதியிருக்கும்போது இவர் ஏன் சந்தோஷப்படவில்லை என்று எனக்குப் புரியவில்லை. தபால்காரர் அதைக் கொண்டுவந்தது அம்மாவின் பதினாறாம் நாள்.