முகத்துவாரத்தில் ஒரு மண்வெட்டிக் கோடு

பேராசிரியரே, என் தங்கச்சியின் கணக்கைப் பிழையென்று தள்ளியவர் நீங்கள். அவள் செத்த பிறகு அதே கணக்கை மேடையேறிச் சரியென்று சொன்னவரும் நீங்கள்தான்.

அவளை நினைத்தால் எனக்கு முதலில் வருவது ஒரு மண்வெட்டி. மாரி மழையில் வாவி நிரம்பி எங்கள் வயல் வட்டையில் பயிர் மூழ்கிக்கொண்டிருந்தது. முகத்துவாரத்து மணல்மேட்டை வெட்டிக் கடலுக்கு வழிவிடப் போனோம். பல்கலைக்கழக விடுமுறைக்கு வந்திருந்த அவளும் கூட வந்தாள். என் மண்வெட்டியை வாங்கி மணலில் ஒரு கோடு இழுத்தாள். விரலளவு தண்ணீர் அதில் ஓடியது. நாங்கள் தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் மேடு இடிந்து வாவியே பாய்ந்தது.

"அண்ணே, இதுதான் என்ர கணக்கு."

"உன்ர கணக்குக்கு என்ர வயல் தாழணுமா புள்ள?"

சிரித்துவிட்டு விளக்கினாள். எனக்கு விளங்கியது இவ்வளவுதான். வெற்றிடத்தில் மின்புலம் மிக மிக வலுத்தால், ஒன்றுமில்லாத இடத்தில் இலத்திரன் என்ற மின்துகளும் அதன் எதிர்த்துகளும் சோடியாகப் பிறக்கும். வலிய புலம் மெதுவாக மாறும்போது அது மிக அரிதாகவே நடக்கும். அதன்மேல் வேகமாகத் துடிக்கும் மெல்லிய அலையொன்றைச் சேர்த்தால் சோடிகள் பல மடங்கு பெருகும். வாவிதான் வலிய புலம். அவள் இழுத்த கோடு அந்த அலை.

"அப்ப என்ர நெல்லுப் பெட்டியிலயும் கொஞ்சம் பிறக்கப் பண்ணன்" என்றேன்.

"அந்தளவு மின்புலத்துக்குப் பெட்டியும் மிஞ்சாது, நீங்களும் மிஞ்சமாட்டீங்க."

அவளுடைய ஆய்வுக்கு மேற்பார்வையாளர் நீங்கள். மெல்லிய அலை அற்பம், அதை விட்டுவிட்டுக் கணக்குப் போடு என்றீர்கள். அவள் முகத்துவாரத்தைச் சொன்னபோது, "வயல்காரக் கதைய இங்க கொண்டுவராதீங்க பிள்ளை" என்று மற்றவர்கள் முன் சிரித்தீர்கள். அவள் அலையை விடவில்லை. நீங்கள் அவளுடைய ஆய்வேட்டில் கையெழுத்துப் போடவில்லை. பட்டமில்லாமல் வீட்டுக்கு வந்து பிள்ளைகளுக்கு ரியூசன் கொடுத்தாள். ஒரு காய்ச்சல் அவளைக் கொண்டுபோய்விட்டது.

அவளுடைய முப்பத்தோராம் நாள் கிரியைக்கு வந்தீர்கள். எங்கள் வீட்டில் சோறு தின்றுவிட்டு, "கெட்டிக்காரி. பிழையான கணக்கில பிடிவாதமா நிண்டு வீணாப் போயிற்றா" என்றீர்கள். அம்மா கேட்டுக்கொண்டிருந்தா. இன்றுவரை அவளுடைய படத்துக்கு விளக்கு வைக்கும்போதெல்லாம், "எங்கடி மகள் பிழைவிட்டாய்?" என்றுதான் கேட்கிறா.

போன மாதம் உரம் வாங்கப் புளியந்தீவுக்குப் போனபோது உங்கள் பேச்சுக்கான அறிவித்தலைக் கண்டு கடைசி வரிசையில் போய் இருந்தேன். மெல்லிய அலையைச் சேர்த்தால் சோடிகள் பெருகும், இப்போது எல்லோரும் ஒப்புக்கொண்ட விசயம் என்றீர்கள். பிறகு, "எங்கட முகத்துவாரத்த வெட்டுறத நினைச்சுப் பாருங்க" என்றீர்கள். மண்டபமே கைதட்டியது. எனக்குக் கை எழவில்லை.

இந்த மாரியிலும் முகத்துவாரம் வெட்டப் போனேன். அதே மண்வெட்டி. கோட்டை இழுத்துவிட்டு, தண்ணீர் பாய்வதைப் பார்க்காமல் திரும்பி வந்துவிட்டேன்.

அதே மண்டபத்தில், அதே ஒலிவாங்கியில் சொல்லுங்கள். முகத்துவாரக் கதையை உங்களுக்கு முதலில் சொன்னவள் யார்? அவள் பிழைவிட்டாளா, இல்லையா? அம்மாவைக் கொண்டுவந்து முன்வரிசையில் இருத்துகிறேன். அவவின் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.