கட்டிலடியில் கிடந்த ஒயர்

எனக்குக் கரண்ட் என்றாலே பயம். கட்டிக்கொண்டதோ மோட்டார் மெக்கானிக்கை. குடவாசல் கடைத்தெருவில் மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டும் கடை வைத்திருந்தவர் அவர். இருபத்தாறு வருடம் குடும்பம் நடத்தியும் ஈரக் கையோடு நான் ஒரு சுவிட்சைத் தொட்டதில்லை. மிக்ஸியில் சட்னி அரைத்தால் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் மூடியைத் திறப்பேன். "ஒனக்கெல்லாம் அகல்வெளக்குதான் லாயக்கு" என்று அவர் சிரிப்பார். அவரோ கரண்ட் வருகிறதா என்று புறங்கையால் தட்டிப் பார்க்கிற ஆள். அதைப் பார்க்கிறபோதெல்லாம், ஒருநாள் இந்தக் கரண்ட்தான் இவரைக் கொண்டுபோகப் போகிறது என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டே இருப்பேன்.

கடைசியில் அவரைச் சாய்த்தது கரண்ட் இல்லை, ஏணி. வயலில் ஒரு போர்செட் மோட்டார்க் கொட்டகையில் மேலே ஏறி ஏதோ பார்த்துக்கொண்டிருந்தபோது சேற்றில் ஏணிக்கால் வழுக்கியது. மல்லாக்க விழுந்தார். முதுகெலும்பில் அடி. தஞ்சாவூரில் இரண்டு மாதம் வைத்திருந்து பார்த்தார்கள். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி திரும்பவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோங்கள், படுக்கைப்புண் மட்டும் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள்.

புண் வராமலிருக்கக் காற்று மெத்தை வந்தது. அதற்கு ஒரு சின்ன மோட்டார் பெட்டி. இரும்புக் கட்டிலின் கால்மாட்டில் அதைத் தொங்கவிட வேண்டும். அது இரவும் பகலும் உர்ரென்று ஓடி மெத்தையில் ஒரு பக்கம் காற்றை ஏற்றும், மறுபக்கம் இறக்கும். அதன் ஒயர் கட்டிலுக்கடியில் தரையோடு போய்த் தலைமாட்டுப் பிளக்கில் முடியும். கரண்டைக் கண்டு ஓடியவள் நான், என் புருஷனின் உயிரே ஒரு கறுப்பு ஒயரில் ஓடுகிற மாதிரி ஆகிவிட்டது. உர்ர் சத்தம் நின்றால் நான் சமையற்கட்டிலிருந்து கரண்டியோடு ஓடிவருவேன்.

இந்த நிலைமையில்தான் குட்டி வந்து சேர்ந்தது. எதிர்வீட்டு வைக்கோல் போரடியில் ஒரு நாட்டுநாய் ஈன்றிருந்தது. அதில் செவலை நிறத்தில் ஒன்று எங்கள் வாசலைத் தாண்டி, கூடத்தைத் தாண்டி, நேரே அவர் கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டது. நான் காதைப் பிடித்துத் தூக்கிக் கொண்டுபோய் வெளியே விட்டேன். திரும்ப வந்தது. மூன்றாவது தடவை நான் குனிந்தபோது அவர், "வுடு, அதுக்கு மட்டுந்தான் என்னயப் பாத்தா பாவமா இல்ல" என்றார். விழுந்ததிலிருந்து அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. குட்டி தங்கிவிட்டது.

ஒரு மாதத்தில் அதற்குப் பல் தினவெடுக்க ஆரம்பித்தது. என் செருப்பு போனது, துடைப்பம் போனது, போர்வையின் ஒரு மூலை போனது. அதற்கெல்லாம் கத்தினேனே தவிரப் பயப்படவில்லை. ஒருநாள் காலையில் போன் சார்ஜரின் ஒயர் இரண்டு துண்டாகக் கிடந்தது. சுவிட்ச் அணைந்திருந்ததால் குட்டி பிழைத்தது. நான் அந்தத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலுக்கடியில் பார்த்தேன். மெத்தை ஒயர் தரையில் சாவகாசமாகக் கிடந்தது. அதில் எந்நேரமும் கரண்ட் ஓடிக்கொண்டிருந்தது.

அன்றிலிருந்து எனக்கு நிம்மதி போயிற்று. குட்டியைக் கால்நடை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். ஊசி போட்ட டாக்டரம்மா, "பல் மொளைக்கிற வயசு, கடிக்கத்தாங்க செய்யும். கடிக்கிறதுக்கு வேற எதாவது குடுங்க, ஒயர பைப்புக்குள்ள விடுங்க" என்றார். முறுக்கிய கயிறு கொடுத்தேன், எலும்பு கொடுத்தேன். அரை மணி நேரம் அதைக் கடித்துவிட்டுத் திரும்பவும் கட்டிலடிக்குப் போனது. கொல்லைப்பக்கம் கட்டிப்போட்டேன். அது அழுத அழுகையில் அவர் அன்று சாப்பிடவில்லை. ஒயரைப் பைப்புக்குள் விட, அவரிடம் தொழில் பழகி இப்போது மன்னார்குடியில் கடை வைத்திருப்பவருக்குப் போன் செய்தேன். "நடவு நேரம் அக்கா, ஊர்ல உள்ள மோட்டாரெல்லாம் எங்கிட்டதான் கெடக்கு. ரெண்டு நாள்ல வந்துடுறேன்" என்றார். ரெண்டு நாள் பத்து நாளாயிற்று.

ஒரே மகள் சிங்கப்பூரில் இருக்கிறாள். வீடியோவில் பேசும்போது, கசப்பாக ஒரு தண்ணீர் விற்கிறார்களாம், ஒயரில் அடித்தால் நாய் வாய் வைக்காதாம் என்றாள். குடவாசலில் அதற்கு நான் எங்கே போவேன்? வேப்பெண்ணெய் தடவினேன். குட்டி முகத்தைச் சுளித்துக்கொண்டே நக்கியது. மிளகாய்த்தூளைக் குழைத்துப் பூசினேன். அது தும்மியது, கட்டிலில் இருந்தவரும் தும்மினார், கண்ணெல்லாம் எரிகிறது என்று என்னை ஒருபாட்டம் திட்டினார்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. வரப்போரம் நாற்று விட்டால் ஆடுமாடு வாய் வைக்காமலிருக்கச் சாணியைக் கரைத்துத் தெளிப்போம். சாணி பட்ட பயிரை எந்த ஆடும் தொடாது. ஆடு தொடாததை நாய் மட்டும் தொட்டுவிடுமா என்று நினைத்தேன். என் புத்தியை இப்போது எதனால் அடிக்க வேண்டுமென்று தெரியவில்லை.

சுவிட்சை அணைத்தேன். ஒயரைத் தரையிலிருந்து தூக்கிக் கட்டிலின் இரும்புக் காலோடு சேர்த்துப் பழைய புடவைக் கிழிசலால் கட்டினேன். அதன்மேல் சாணிக் கரைசலைக் கெட்டியாகப் பூசினேன். நன்றாகக் காய்ந்த பிறகுதான் சுவிட்சைப் போட்டேன். "என்னாத்த பூசுற, மூக்க பொத்திக்கிட்டு வருது" என்று அவர் கேட்டார். "பேசாம படுங்க" என்றேன். குட்டி வந்து மோந்து பார்த்தது. பின்வாங்கி உட்கார்ந்துகொண்டது. இரண்டு நாள் அது அந்தப் பக்கமே போகவில்லை. மகளிடம் பெருமை அடித்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் எங்கள் வயலில் குறுவை நெல் நடவு. ஆற்றில் தண்ணீர் வந்து வாய்க்காலில் ஏறியிருந்தது. எட்டுப் பெண்கள் நாற்றங்காலில் இறங்கிவிட்டார்கள் என்று போன் வந்தது. காய்ந்த சாணி அங்கங்கே உதிர்ந்திருந்தது. அவசர அவசரமாகக் கொஞ்சம் தண்ணீராகவே கரைத்துக் கட்டில்காலில் ஊற்றித் தடவினேன். காயட்டும் என்று காத்திருக்க நேரமில்லை. சுவிட்சைப் போட்டேன். உர்ர் என்று சத்தம் வந்தது. அவர் கையில் போனைக் கொடுத்துவிட்டு ஓடினேன். வயல் பத்து நிமிட நடைதான்.

மத்தியானம் அவருக்குச் சோறு போட வந்தேன். முழங்கால்வரை சேறு. வாசலில் செருப்பை விட்டுவிட்டு வெறுங்காலோடு கூடத்துக்குள் வந்தேன். என்னைக் கண்டதும் குட்டி துள்ளிக்கொண்டு வந்து தன் தண்ணீர்க் கிண்ணத்தைக் கவிழ்த்தது. தண்ணீர் கட்டிலடிவரை ஓடியது. அதைத் திட்டிக்கொண்டே, விலகியிருந்த அவர் காலடிப் போர்வையைச் சரிசெய்யக் குனிந்தேன். என் விரல் கட்டில் கம்பியில் பட்டது.

சுள்ளென்று முழங்கைவரை ஏறியது. கையை உதறிக்கொண்டு பின்னால் போய் விழுந்தேன். ஒரு விநாடி எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு புரிந்தது. கட்டில் முழுக்கக் கரண்ட். அவர் உயரமான ஆள். இரண்டு குதிகாலும் அதே கம்பியில் அழுந்திக் கிடந்தன. அவருக்கு அது தெரியவில்லை. போனைப் பார்த்துக்கொண்டே வலது கையைக் கட்டிலுக்குக் கீழே இறக்கிக்கொண்டிருந்தார். கீழே குட்டி, தண்ணீரில் நான்கு காலும் நனைய நின்று, அந்தக் கைக்கு முகத்தைத் தூக்கிக்கொண்டிருந்தது.

"கைய மேல தூக்குங்க!"

அந்த மாதிரி நான் வாழ்க்கையில் கத்தியதில்லை. கை அப்படியே நின்றது. விரல்நுனிக்கும் அதன் மூக்குக்கும் நடுவில் ஒரு சாண்கூட இல்லை. அவர் என்னைப் பார்த்தார், நான் பிடித்துக்கொண்டிருந்த விரலைப் பார்த்தார். கையை மார்பில் வைத்துக்கொண்டார்.

"கட்டில்ல வருதா?"

"ஆமாங்க."

"கிட்ட வராத. மெயின எறக்கு."

குட்டி பின்னங்காலை ஊன்றி அவர் கையை எட்டப் பார்த்தது. அதைத் தூக்கப் போவதா, மெயினுக்கு ஓடுவதா? அவர், "ஓடு!" என்று அதட்டினார். வாசல் பக்கத்து மெயினுக்கு எப்படிப் போனேன் என்று இன்றைக்கும் தெரியாது. அதன் கைப்பிடியைக் கீழே இழுத்தேன். மின்விசிறி நின்றது, உர்ர் சத்தமும் நின்றது. எந்தச் சத்தம் நிற்கக்கூடாது என்று மாதக்கணக்காகப் பயந்தேனோ அது நின்றதும் எனக்கு மூச்சு வந்தது.

திரும்பி வந்து புடவைக் கிழிசலை அவிழ்த்துப் பார்த்தேன். சாணிக்கடியில் ஒயரின் தோலில் பொடிப் பொடியாய்ப் பல்தடம். ஓரிடத்தில் ஊசிமுனை அளவு செம்பு தெரிந்தது; பல் அதில் படாமல் குட்டி தப்பியிருக்கிறது. இரண்டு நாள் ஒதுங்கியிருந்த குட்டிக்கு மூன்றாம் நாள் சாணி பிடித்துப்போயிருக்கிறது. ஈரச் சாணி வழியாகக் கரண்ட் இரும்புக்கு வந்திருக்கிறது.

"கட்டில் காலுக்கு ரப்பர் மாட்டியிருக்கு. அதனால பூமிக்கு எறங்க வழியில்லாம அப்படியே நின்னுருக்கு" என்றார் அவர். "தண்ணியில நிக்கிறத நான் தொட்டிருந்தா, என் கால்லேருந்து ஏறிக் கை வழியா எறங்கியிருக்கும்."

நான் அந்த ஈரத்திலேயே உட்கார்ந்து அழுதேன். இருபத்தாறு வருடமாக எதைக் கண்டு பயந்தேனோ அதை என் கையாலேயே குழைத்து அவர் கட்டிலில் பூசியிருக்கிறேன். அழுது முடித்ததும் கோபம் வந்தது. குட்டியை அன்றைக்கே அண்ணன் வீட்டுக்கு அனுப்பிவிடப் போவதாகச் சொன்னேன். "அது ஒயரத்தான் கடிச்சிச்சு. சாணி பூசுனது நீ. அனுப்புறதுன்னா ரெண்டு பேரையும்தான் அனுப்பணும்" என்றார்.

மன்னார்குடிக்காரர் விஷயத்தைக் கேட்டதும் போட்டது போட்டபடி வந்தார். புது ஒயர் மாற்றி, சுவரோடு பைப் அடித்து, கரண்ட் கசிந்தால் தானாக அணைந்துவிடும் சுவிட்ச் ஒன்றையும் மெயினில் மாட்டிக் கொடுத்தார். அவர் கிளம்பிய பிறகு நான் வெந்நீரில் துணியை நனைத்து இவருக்குக் கைகால் துடைத்துவிட்டேன். வலது கையைத் துடைக்கும்போதுதான் கவனித்தேன். ஐந்து விரலிலும் சின்னச் சின்னப் பல்தடங்கள். சில பழசு, சில அன்றைக்குப் பட்டது. எனக்குத் திரும்பவும் எரிச்சல் மூண்டது.

"பாருங்க, கைய எப்படி வச்சிருக்கீங்க? எந்நேரமும் தொங்கவுட்டு அதக் கொஞ்சிக்கிட்டே கெடக்கணுமா? அந்தக் கையாலதான இன்னைக்கு..."

"கொஞ்சுறதுக்கா தொங்கவுட்டேன்?" என்றார். "நீ வாசலத் தாண்டுனதும் அது ஒயருகிட்ட போயிடும். பல்லு கரகரங்குறது மேல கேக்கும். குனிஞ்சு எடுக்க முடியுமா என்னால? வெரலக் குடுத்தா ஒயர வுட்டுட்டு வெரலக் கடிக்கும். இன்னைக்குப் போன பாத்துக்கிட்டே கொஞ்சம் கண் அசந்துட்டேன். அதுக்குள்ள கடிச்சிருக்கு."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நீ நடவுக்குப் போயிருப்பியா?"

துணி ஆறிப்போயிற்று. அதைத் திரும்பவும் வெந்நீரில் நனைத்துப் பிழிந்தேன். புறங்கையால் கரண்டைத் தட்டிப் பார்க்கிற மனுஷனிடம் நான் அதுவரை கேட்டே இராத ஒன்றைக் கேட்டேன்.

"ஒங்களுக்குப் பயமா இல்லையாங்க?"

அவர் விசிறியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"நீ வந்து வாசல்ல செருப்பு வுடுற சத்தம் கேக்குற வரைக்கும் தெனமும் பயந்தான்."