திறந்தே இருக்கும் கேசட் பெட்டி

ஜார்ஜ் டவுனில் ஒரு கல்யாண விருந்து. மணமேடைக்குப் பக்கத்தில் மேசை போட்டு, டிஜேயாகப் பாட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன். திடீரென மின்சாரம் போனது. வெளிச்சம் வந்தபோது மணப்பெண்ணின் கழுத்தில் ஆரத்தைக் காணவில்லை.

"டிஜே பொட்டிய தொறந்து பாருங்க லா! பக்கத்துல நின்னது அவன்தான்!" என்று கத்தினார் பெண்ணின் மாமா.

என் கேசட்டுகளை மொத்தமாகத் தரையில் கொட்டினார்கள். விருந்தினர்கள் சாப்பிட்டுக்கொண்டே வேடிக்கை பார்த்தார்கள்.

அப்போதுதான் பெண்ணின் அத்தை சாவகாசமாகக் கைப்பையைத் திறந்தார். "இருட்டுல கொக்கி கழண்டு விழுந்துருச்சு, நான்தான் எடுத்து வச்சேன்."

எல்லாரும் சிரித்தார்கள். மாமா என்னைப் பார்த்து, "சரி தம்பி, நல்ல பாட்டா போடு லா" என்றார். கேசட்டுகளைப் பொறுக்கியெடுத்துப் பாட்டுப் போட்டேன்.

இப்போதெல்லாம் எந்தக் கல்யாணத்திலும் என் பெட்டியை நான் மூடுவதே இல்லை. பார்க்க வேண்டியவர்கள் முதலிலேயே பார்த்துக்கொள்ளட்டும்.