அம்மா வரைந்த மயில்

சிதம்பரம் மேலவீதிக் கடையில், பெரியவர்களுக்கான வண்ணம் தீட்டும் புத்தகத்துக்காக ஜெல் பேனா தேடிக்கொண்டிருந்தேன். ஊதாப் பேனாவைக் கிறுக்கிப் பார்த்ததும் எழுந்த பழவாசனை, என்னைப் பரங்கிப்பேட்டை வீட்டுக்கே கொண்டுபோய்விட்டது.

நான் பள்ளியில் படித்தபோது, துபாயிலிருந்து மாமா வாங்கிவந்த, இதே வாசனை அடித்த ஜெல் பேனாக்களை அம்மா பீரோவில் பூட்டப் போனாள். புதுசு எதுவானாலும் அவளுக்குப் பீரோதான். மாமா விடவில்லை.

“அக்கா, பூட்டி வச்சா காஞ்சி போயிடும். நீயே மொதல்ல எழுதிப் பாரு!”

அம்மா தயங்கித் தயங்கி, காலண்டர் தாளின் பின்பக்கம் ஒரு மயில் வரைந்தாள். அவள் வரைவாள் என்பதே எங்களுக்கு அன்றுதான் தெரியும்! மினுமினுக்கும் தோகையில் மூழ்கியவளுக்கு, அடுப்பில் சோறு தீய்ந்ததுகூடத் தெரியவில்லை.

கடையிலிருந்தே அவளுக்குப் போன் போட்டேன்.

“அம்மா, கலர் பண்ண பேனா வாங்குறேன். உனக்கு எந்தக் கலர் வேணும்?”

“எல்லாத்துலயும் ஒண்ணு எடு. இப்பவே பஸ் ஏறி வரேன்!”