சூட்டுக்குச் செய்த பேரிங்

தங்கச் சுரங்கம் மூடிப்போன ஊரிகத்தில், சுரங்கத் தொழிலாளர்களுக்காக வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்றின் முன்னறையில் டைட்டஸ் ஒரு மெஷின் செய்தார். கம்ப்யூட்டர் சொல்கிறபடி மரத்தில் பூவும் எழுத்தும் செதுக்குகிற மெஷின். பெங்களூரில் கதவு வியாபாரம் செய்யும் நாகேஷ், சாம்பிள் பலகை சரியாக வந்தால் வருஷம் முழுக்க வேலை தருவதாகச் சொல்லியிருந்தார். அந்த வேலை வந்துவிட்டால், இருபது வருஷமாக விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு நின்றுகொண்டே போய்வரும் பிழைப்புக்கு ஒரு கும்பிடு போட்டுவிடலாம். டைட்டஸின் முட்டிகள் கேட்டது அவ்வளவுதான்.

மெஷினின் தலையை நகர்த்துவது நீளமான ஒரு திருகுக் கம்பி. அதன் முனைகளைப் பிடித்துக்கொள்ள பேரிங் வேண்டும். கம்பியை முன்பின் அசையவிடாத ஜோடி பேரிங்காகப் புதிதாய் வாங்கச் சொன்னாள் மனைவி எலைன். கடையில் விசாரித்தும் வந்திருந்தாள். டைட்டஸ் கேட்பாரா? மைன்ஸில் பம்ப் ஃபிட்டராக இருந்தவர் அது மூடிய வருஷம் எடுத்துவந்த பேரிங்குகள், சுற்றிய காகிதம்கூடப் பிரியாமல் பீரோவில் இருந்தன.

"மைன்ஸ் ஸ்டோர்ஸ் சாமான் எலைன். கடையில இன்னா இருக்குது, எல்லாம் டூப்ளிகேட்டு."

இந்த ஊர்க்காரர்களுக்கு இந்த வியாதி உண்டு. மைன்ஸ் கொடுத்தது என்றால் நெஞ்சுச்சளிகூட ஒசத்தி.

மாட்டியதில் குறை சொல்ல முடியாது. காய்ந்த எண்ணெயில் பேரிங்கைப் போட்டு, விரிந்ததும் எடுத்து, சுத்தியல் படாமல் கம்பியில் நழுவவிட்டார்.

பெங்களூருக்குக் கொண்டுபோன சாம்பிளில் பெரிய வட்டம் ஒன்று. நாகேஷ் அதை விரலால் தடவினார். மெஷின் திசை மாறிய நாலு இடத்திலும் மயிரிழை மேடு தட்டியது. அவர் திட்டவில்லை. பார்க்கலாம் என்று பலகையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வேலையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்.

டைட்டஸ் வீட்டுக்கு வந்து கம்பியைப் பிடித்து இழுத்தார். லேசாக அசைந்தது. கழற்றினால், பேரிங் விளிம்பில் சி-த்ரீ என்று பொறித்திருந்தது. சுரங்கத்தின் வெக்கையில் விரிந்து இறுகிவிடக்கூடாதென்று, குண்டுகளுக்கு முன்கூட்டியே இடம் விட்டுச் செய்த பேரிங். முன்னறையில் அது லொடலொடக்கத்தான் செய்யும். ஏழு வருஷம் பம்புகளில் தன் கையாலேயே மாட்டியவருக்குத் தெரியாததா? பெருமையில் அந்த எழுத்தைப் படிக்கவே தோன்றவில்லை.

"பேரிங் கெட்டுப்போச்சாங்க?" என்றாள் எலைன்.

"நல்ல பேரிங்குதான். அதுக்கு வேண்டிய சூடு இப்ப எங்க இருக்குது? கீழ சுரங்கத்துல எல்லா லெவலும் தண்ணி."

அவள் உள்ளே போய் மறுநாள் டிபனுக்கு அரிசி ஊறப்போட்டாள். திரும்பி வந்தபோது அவர் பேரிங்குகளைத் துடைத்து, அதே பழைய காகிதத்தில் சுற்றி, பீரோவில் வைத்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்து வந்த ஆத்திரம், வேலை போனதற்குக்கூட எலைனுக்கு வரவில்லை.