பிள்ளையாருக்குக் கீழே இருந்த சீட்டு

ஷ்லீரன் நகரில் ஒரு தனியார் தரிப்பிடத்தில் காசு போட்டுச் சீட்டு எடுத்துத்தான் காரை நிறுத்தினேன். இரண்டு கிழமையில் தண்டக் கடிதம் வந்தது. சீட்டே இல்லையாம், சாட்சிக்குப் படம் வேறு. நான் இந்த நாட்டுக் குடியுரிமைக்கு விண்ணப்பித்திருந்த நேரம்.

“கட்டிவிடுவம் பிள்ளை. உவங்களோட கொழுவ வேண்டாம்,” என்றேன் மகளிடம்.

“ஏன் கட்டோணும்? படத்தை வடிவாப் பாருங்கோ அப்பா.”

பார்த்தேன். முன்கண்ணாடிக்குப் பின்னால் என் பிள்ளையார் சிலை. அதன் அடியில் சீட்டின் மூலை. விசாவோ வேலையோ, எந்தக் கடதாசியையும் பிள்ளையாரின் காலடியில் வைத்து எடுப்பவன் நான். அன்று வைத்தேன், எடுக்க மறந்துவிட்டேன்.

மகள் ஜேர்மனில் மறுப்பு எழுதி, சீட்டையும் படமெடுத்து அனுப்பினாள். காசையும் வாங்கிக்கொண்டு கள்ளனாக்குகிறார்களே என்று எனக்கு எரிச்சல். குடியுரிமையைத் தீர்மானிக்கும் நகரசபைக்கு எழுதிப்போடுவார்களோ என்று அதைவிடப் பயம். தபால்பெட்டியை மகளையே திறக்கச் சொன்னேன். காரில் ஏறும்போதெல்லாம் பிள்ளையாரைக் கும்பிட்டேன்.

பதில் வந்தது. மகள் வாசித்துவிட்டுச் சிரித்தாள்.

“தண்டத்தைக் கைவிட்டிட்டினம். இனிமேல் சீட்டை யானைக்கு முன்னால வைக்கட்டாம்.”

இத்தனை நாளும் காப்பாற்றச் சொல்லி நான் கெஞ்சியது, சீட்டின் மேல் ஏறி இருந்தவரிடம்தான்.